60க்குக் காப்பீடு, 20 நஷ்டம், கைக்கு வந்தது 11: ஓர் அச்சகம் பாலிசி மாற்றிய விவரம்

ஒரு சிறிய அச்சகம் தன் காப்பீட்டை முழுதாக மாற்றி அமைத்ததைப் பற்றிய ஆய்வு இது. அந்த அச்சகத்துக்குக் கணக்கு எழுதுபவன் நான். பழைய பாலிசியில் இருந்த தவறுகளில் பெரியது என் கையிலிருந்து போன தவறு. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். உரிமையாளருக்கு இதில் சம்மதம். பெயர்கள் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பணத்தொகைகளும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். விபத்து நடந்த நாளில் அச்சகத்துக்குள் இருந்த சொத்தின் மதிப்பை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன்.

தொழில் எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடகைக் கட்டடத்தின் தரைத்தளம். இரண்டு பழைய ஆஃப்செட் மெஷின், ஒரு டிஜிட்டல் மெஷின், ஒரு கட்டிங் மெஷின், லேமினேஷன், பைண்டிங் மேசைகள். 9 பேர் வேலை செய்கிறார்கள். டெலிவரிக்கு ஒரு சின்ன வண்டி. புத்தகம், நோட்டீஸ், பெட்டி அட்டை, மருந்து லேபிள் என்று கலந்து வரும் வேலைகள். பெரிய வாடிக்கையாளர்கள் சிலர் பேப்பரைத் தாங்களே வாங்கி இறக்கிவிடுவார்கள். அச்சடித்துக் கொடுப்பது மட்டும் இவர்கள் வேலை. இந்தக் கடைசி விஷயம் பின்னால் முக்கியமாகிறது.

அந்த இரவு

மாடியில் இருந்த இன்னொரு நிறுவனத்தின் தண்ணீர்க் குழாய் ஒரு விடுமுறை நாளுக்கு முந்தைய இரவில் வெடித்தது. ஒன்றரை நாள் யாரும் பார்க்கவில்லை. காலையில் கதவைத் திறந்தபோது பேப்பர் ரீம்கள் ஊறி ஊதிப் போயிருந்தன. டிஜிட்டல் மெஷினின் கன்ட்ரோல் பலகைக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. பேப்பர் நனைந்தால் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். அலை அலையாக மடங்கிய தாள் மெஷினுக்குள் ஓடாது. அது எடைக்குத்தான் போகும்.

பாலிசி இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் கடன் வாங்கியபோது, கடன் கொடுத்த இடத்தில் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்தது. தீ, இடி, வெள்ளம் ஆகியவற்றோடு தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடிப்பதும் அதில் எழுதப்பட்டிருந்தது. ஆகவே, க்ளெய்ம் செல்லும் என்பதில் சந்தேகம் இல்லை. காப்பீட்டு நிறுவனத்துக்காக இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வந்தார், எண்ணினார், படம் எடுத்தார். அச்சகத்தின் சொந்த இழப்பு 20 என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அறிக்கையில் தரவேண்டியது 11 என்று இருந்தது.

அக்கா (நான் உரிமையாளரை அப்படித்தான் கூப்பிடுவேன்) அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்ட கேள்வி இன்றும் காதில் இருக்கிறது. “தம்பி, நான் 60க்கு பாலிசி எடுத்திருக்கேன். நஷ்டம் 20தான். 60க்குள்ளதானே இருக்கு? அப்புறம் ஏன் குறைக்கிறாங்க?”

நியாயமான கேள்வி. சிறு தொழில் செய்பவர்களில் பெரும்பாலோர் பாலிசித் தொகையை ஒரு பானை என்றே நினைக்கிறார்கள். 60 அளவு தண்ணீர் இருக்கிறது, எனக்கு 20 வேண்டும், மொண்டு கொடு என்பது அந்தக் கணக்கு. காப்பீட்டு நிறுவனம் அப்படிப் பார்ப்பதில்லை. 100 மதிப்புள்ள சொத்துக்கு 60 அளவுக்குத்தான் பிரீமியம் கட்டினாய், மீதி 40க்கு நீயே உனக்குக் காப்பாளர், ஆகவே எந்த இழப்பு வந்தாலும் 100க்கு 60 பங்குதான் நான் தருவேன் என்கிறது. 20இல் 60 விழுக்காடு 12. அதில் பாலிசியில் எழுதியிருந்த எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் முதலில் நாமே ஏற்கவேண்டிய தொகை, 1. மிச்சம் 11. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை ஆவரேஜ் என்பார்கள். பெயர் நாடுகளுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் சொத்து மதிப்பில் 80 விழுக்காடு வரையாவது எடுத்திருக்க வேண்டும் என்ற வடிவில் இது பரவலாக வருகிறது. சில பாலிசிகளில் சிறிய குறைபாட்டைக் கண்டுகொள்ளமாட்டோம் என்ற தளர்வு இருக்கும். 40 குறைந்தால் எந்தத் தளர்வும் காப்பாற்றாது.

அந்த 60 எங்கிருந்து வந்தது என்றால், நான் கொடுத்த இருப்புநிலைக் குறிப்பிலிருந்து. கணக்குப் புத்தகத்தில் ஆண்டுதோறும் தேய்மானம் கழித்துக்கொண்டே வருவோம். வாங்கிய விலையில் கால் பங்காக ஒரு மெஷின் புத்தகத்தில் சுருங்கியிருக்கும். சந்தையில் அதே மெஷினை வாங்கப் போனால் அந்தக் கால் பங்குக்கு யாரும் தரமாட்டார்கள். வரிக் கணக்குக்குச் சரியான எண் காப்பீட்டுக்குத் தவறான எண். ஐந்து ஆண்டுகளுக்கு முன் படிவத்தில் சொத்து மதிப்பு என்ற கட்டத்துக்கு என்னிடம் எண் கேட்டார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு அடி இதைவிட வலித்தது. வாடிக்கையாளர்கள் இறக்கிவைத்திருந்த பேப்பர் 6 அளவுக்கு நனைந்தது. அதற்கு எதுவும் கிடைக்கவில்லை. பாலிசி அச்சகத்துக்குச் சொந்தமான சரக்கை மட்டும் சொன்னது. பிறர் நம் பொறுப்பில் ஒப்படைத்த பொருள் அதில் இல்லை. அக்கா அந்த 6ஐயும் தன் கையிலிருந்து கொடுத்தார். ஆக மொத்த இழப்பு 26, வந்தது 11. வேலை நடக்காத நாட்களின் சம்பளமும் வாடகையும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஒன்றை மட்டும் சரியான நேரத்தில் தடுக்க முடிந்தது. மாடியில் இருந்தவர் நல்ல மனிதர். மறுநாளே வந்து வருத்தம் தெரிவித்து, இதைப் பற்றி மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். அக்கா பேனாவை எடுத்துவிட்டார். காப்பீட்டு நிறுவனம் நமக்குப் பணம் கொடுத்தபின், தவறு செய்தவரிடமிருந்து அதை வசூலிக்கும் உரிமை அதற்குப் போய்ச் சேரும். அந்த உரிமையை நாம் முன்கூட்டியே விட்டுக்கொடுத்துவிட்டால் நம் க்ளெய்மே ஆட்டம் காணும். பிறகு அவரிடம் விளக்கிச் சொன்னோம், புரிந்துகொண்டார்.

யாரிடம் போவது

பாலிசியை மாற்றுவது என்று முடிவானதும் மூன்று வழிகள் இருந்தன. பழைய பாலிசியின் தொகையை மட்டும் ஏற்றிக்கொள்வது. இணையத்தில் நேரடியாகக் கடைகளுக்கான தொகுப்புப் பாலிசி வாங்குவது. பக்கத்தில் இருக்கும் காப்பீட்டு ஏஜென்சி ஒன்றின் மூலம் போவது.

இணைய வழியை நான் முதலில் ஆதரித்தேன். விலை குறைவு, பத்து நிமிட வேலை. ஆனால் தொழில் வகை என்ற பட்டியலில் அச்சகம் இல்லை. அலுவலகம், எழுதுபொருள் கடை, கிடங்கு என்று இருந்தது. எழுதுபொருள் கடை என்று தேர்ந்தெடுத்தால் விலை வந்துவிடும். ஆனால் கரைப்பான்களும் மையும் வைத்திருக்கும் இடத்தை எழுதுபொருள் கடை என்று சொல்லி வாங்கிய பாலிசி, தீப்பிடித்த அன்று என்ன ஆகும் என்று யோசித்தபோது அந்தப் பக்கத்தை மூடினோம். அலுவலகம் மட்டும் நடத்துபவருக்கு, மேசையும் கணினியும்தான் சொத்து என்பவருக்கு, அந்த வழி போதும் என்றே இன்றும் நினைக்கிறேன். மெஷின் ஓடும் இடத்துக்கு அது பொருந்தவில்லை.

ஏஜென்சிகள் இரண்டிடம் பேசினோம். காப்பீடு விற்பவர்களில் இரண்டு வகை உண்டு, இதைப் பலர் கேட்பதே இல்லை. ஒரு நிறுவனத்தின் சார்பில் விற்கும் முகவர் சட்டப்படி அந்த நிறுவனத்தின் ஆள். புரோக்கர் என்பவர் வாடிக்கையாளரின் சார்பில் பல நிறுவனங்களிடம் கேட்டு வாங்குபவர். இரண்டு பேருக்கும் வருமானம் பெரும்பாலும் பிரீமியத்துக்குள் இருக்கும் கமிஷன்தான். முகவர் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. ஒரே நிறுவனத்தின் பாலிசி வாசகங்களைக் கரைத்துக் குடித்த நல்ல முகவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் யாருடைய ஆள் என்பது தெரியாமல் பேசக்கூடாது. உரிமம் இருக்கிறதா என்பதைக் காப்பீட்டுக் கண்காணிப்பு ஆணையத்தின் பதிவில் பார்த்துக்கொள்வது அடுத்தது.

முதல் ஏஜென்சி ஒரே நிறுவனத்தின் முகவர். தொலைபேசியிலேயே விவரம் கேட்டு அன்று மாலையே பிரீமியம் சொல்லிவிட்டார். இரண்டாவது ஏஜென்சி புரோக்கர் உரிமம் வைத்திருந்தது. மூன்று பேர் கொண்ட சிறிய அலுவலகம். அதை நடத்துபவர் எண் சொல்ல மறுத்தார். “மேடம், இடத்தைப் பார்க்காம நான் ஒரு தொகை சொன்னா அது சும்மா சொன்ன தொகையாத்தான் இருக்கும். மெஷின் ஓடுற நேரத்துல வர்றேன்” என்றார்.

இருவரிடமும் நான் ஒரே கேள்வியைக் கேட்டேன்: கடைசியாக நீங்கள் பார்த்த க்ளெய்மில் எது சிக்கலானது? முதலாமவர், தங்களிடம் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும் என்றார். இரண்டாமவர் ஐந்து நிமிடம் பேசினார். ஒரு பட்டறையில் திருட்டு நடந்தது, பூட்டு உடைந்த தடயம் இல்லை, பாலிசி பலவந்தமாக நுழைந்த திருட்டை மட்டும் ஏற்றது, க்ளெய்ம் நின்றுபோனது. அந்த வாசகத்தை விற்கும்போதே வாடிக்கையாளருக்குப் படித்துக் காட்டாதது தன் தவறு, அதன்பிறகு எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறேன் என்றார். எனக்கு அங்கேயே முடிவு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. அவர் கேட்டது வேறு: “நீங்க ஊர்ல இல்லாத அன்னைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் வருவாங்க?” க்ளெய்ம் காகிதங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை அழைத்து அறிமுகம் செய்து வைத்தார். அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது.

இரண்டரை மணி நேரச் சுற்று

இரண்டாவது ஏஜென்சிக்காரர் வந்தது ஒரு வேலைநாள் பிற்பகல். நான் எதிர்பார்த்தது மெஷின்களின் பட்டியலைக் கேட்பார் என்று. அவர் முதலில் கேட்டது மை துடைத்த துணியை எங்கே போடுகிறீர்கள் என்று. ஒரு பையன் மூலையில் இருந்த அட்டைப்பெட்டியைக் காட்டினான். ஆஃப்செட் மையில் காற்றுப்பட்டு உலரும் எண்ணெய்கள் இருக்கும். உலர்வது என்பது ஆக்சிஜனோடு சேர்வது, அப்போது வெப்பம் வெளியாகும். விரித்துப் போட்ட துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும்; குவித்துத் திணித்த துணியில் உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போய், யாரும் தீ வைக்காமல் தானாகப் பற்றிக்கொள்ளலாம். அந்த அட்டைப்பெட்டிக்கு ஓரடி தள்ளித்தான் கட்டிங் மெஷினின் தாள் கழிவு குவிந்திருந்தது. அன்று மாலையே மூடியுள்ள இரும்பு வாளி ஒன்று வந்தது. நல்ல ஏஜென்சிக்கு நாம் கொடுக்கும் கமிஷனில் பாதி இப்படிப்பட்ட ஒரு கேள்வியிலேயே திரும்பி வந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது.

மின்பலகையைத் திறந்து பார்த்தார். உருளை கழுவும் கரைப்பான் எத்தனை லிட்டர் இருக்கும், எங்கே இருக்கும் என்று எழுதிக்கொண்டார். தடுப்புச்சுவரும் வயரிங்கும் யார் செலவில் போட்டது என்று கேட்டார். வாடகைதாரர் தன் செலவில் செய்த உள்வேலை கட்டட உரிமையாளரின் பாலிசியில் வராமல் போகலாம். இவர்கள் பாலிசியில் தனியாக எழுத வேண்டும். தரையில் நேரடியாக அடுக்கியிருந்த ரீம்களைப் பார்த்துவிட்டு, பலகை போட்டு ஒரு சாண் உயர்த்தச் சொன்னார். சில பாலிசிகளில் தரையில் வைத்த சரக்குக்குத் தண்ணீர்ச் சேதம் இல்லை என்ற நிபந்தனை இருக்குமாம்.

பிறகு கேட்டார்: “இங்கே இருக்கிறதில் உங்களுடையது இல்லாதது எது?” அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. வாடிக்கையாளர் பேப்பர், வேறொருவர் கொடுத்துவைத்த டை கட்டைகள், வாடகைக்கு எடுத்த ஜெராக்ஸ் மெஷின். இவை அனைத்தும் பொறுப்பில் உள்ள பொருள் என்ற தலைப்பில் தனித்தொகையாக ஏறின. யாருடைய பேப்பர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று காட்ட அதுவரை ஒரு பதிவேடுகூட இல்லை. பதிவு இல்லாமல் அந்தத் தொகை வெறும் எண் என்று அவர் சொன்னது சரிதான்.

எவ்வளவுக்கு எடுப்பது

புதிதாக வாங்கும் விலையில் எல்லாவற்றையும் கூட்டினால் 140 வந்தது. சர்வேயர் சொன்ன 100, அன்றைய நிலையில் பழைய மெஷின்களுக்கு உள்ள மதிப்பு. மறுநிறுவல் மதிப்பில் எடுத்தால் பழசுக்குப் பதில் புதிது வாங்கும் செலவு கிடைக்கும், தேய்மானம் கழிக்கமாட்டார்கள். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் உண்மையில் புதிதை வாங்கி வைத்த பிறகுதான் அந்த முழுத்தொகை வரும், அதற்கும் பொதுவாக ஒரு கால வரம்பு உண்டு.

இங்கே ஏஜென்சிக்காரர் தன் வருமானத்துக்கு எதிராகவே ஒரு யோசனை சொன்னார். அந்த இரண்டு ஆஃப்செட்டும் எரிந்து போனால் அக்கா புது மெஷினா வாங்குவார்? மாட்டார். இந்த அளவிலான அச்சகங்கள் பழைய ஆஃப்செட்டைத்தான் தேடி வாங்கும். அப்படியானால் அவற்றைச் சந்தை மதிப்பிலேயே எடுத்தால் போதும். டிஜிட்டலையும் கட்டிங் மெஷினையும் மறுநிறுவல் மதிப்பில் எடுக்கலாம். தொகை 140இலிருந்து 120க்கு இறங்கியது. சரக்கு மட்டும் வாங்கிய விலையில். வேலை குவியும் மூன்று மாதங்களுக்குத் தனியாக உயர்த்திய தொகை. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனித் தொகை, பழையபடி ஒரே மூட்டையாகக் கட்டவில்லை. மெஷின்களுக்கு என் புத்தகத்தைப் பார்க்காமல் விற்பனையாளர்களிடம் இன்றைய விலையை எழுத்தில் வாங்கினேன். அந்தக் காகிதங்கள் இப்போது பாலிசியோடு ஒரே கோப்பில் இருக்கின்றன.

மெஷின் உள்ளுக்குள் பழுதாவது தீ பாலிசியில் வராது, அது தனிப் பாலிசி. டிஜிட்டலுக்கு எடுத்தோம். பழைய ஆஃப்செட்டுகளுக்கு எந்த நிறுவனமும் சரியான விலையில் தரவில்லை. அதற்குப் பிரீமியம் கட்டுவதைவிட மாதாமாதம் பழுதுச் செலவுக்கு ஒதுக்கி வைப்பது மேல் என்று விட்டுவிட்டோம்.

தொழில் நின்றால்

என் கணக்கறிவு இரண்டாவது முறை தடுமாறிய இடம் இது. விபத்துக்குப் பின் தொழில் நின்றுபோகும் காலத்துக்கு ஈடு தரும் காப்பீட்டில் மொத்த லாபம் என்ற கட்டம் இருக்கும். நாங்கள் கணக்கில் எழுதும் மொத்த லாபம் வேறு, பாலிசி சொல்லும் மொத்த லாபம் வேறு. பாலிசியில், விற்பனையிலிருந்து வேலை இல்லாவிட்டால் தானாகக் குறையும் செலவுகளை மட்டும் கழிப்பார்கள். இந்த அச்சகத்தில் விற்பனை 100 என்றால் பேப்பர், மை, பிளேட் 55. மிச்சம் 45. அந்த 45க்குள்தான் சம்பளமும் வாடகையும் கடன் வட்டியும் கடைசியில் 8 நிகர லாபமும் இருக்கின்றன. நான் 8ஐ எழுதப் போனேன். அப்படி எழுதியிருந்தால் அச்சகம் மூடிக்கிடக்கும் மாதங்களில் 9 பேருக்குச் சம்பளம் கொடுக்க வழி இருந்திருக்காது. இங்கேயும் குறைத்து எழுதினால் அதே ஆவரேஜ் வரும்.

எத்தனை மாதத்துக்கு என்பதில் எனக்கும் அக்காவுக்கும் கருத்து வேறுபாடு. அவர் 6 மாதம் போதும் என்றார், மெஷின் நான்கு மாதத்தில் வந்துவிடும் என்று. மெஷின் வந்த அன்றே வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். இடையில் வேறு அச்சகம் பழகியிருப்பார்கள். பாலிசி எண்ணுவது விற்பனை பழைய நிலைக்குத் திரும்பும்வரை உள்ள காலத்தை, கதவு திறக்கும்வரை உள்ள காலத்தை மட்டும் அல்ல. நான் 18 சொன்னேன், 12இல் முடிந்தது. இன்றும் எனக்கு 18தான் சரி என்று படுகிறது.

இந்தப் பாதுகாப்பு சாதாரணமாகச் சொத்துச் சேதம் நடந்தால் மட்டுமே வேலை செய்யும் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். 2020இல் பெருந்தொற்றால் கடைகள் மூடியபோது உலகம் முழுக்கத் தொழில் தடைக் காப்பீடு வைத்திருந்த பலர் இதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். பிரிட்டனில் குறிப்பிட்ட சில பாலிசி வாசகங்களின் பொருள் என்ன என்று கேட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 ஜனவரியில் தீர்ப்பு பெரும்பாலும் பாலிசிதாரர்களுக்குச் சாதகமாக வந்தது. நோய், அரசு உத்தரவால் இடத்தைப் பயன்படுத்த முடியாமல் போவது ஆகியவை தொடர்பான கூடுதல் வாசகங்கள் எழுதப்பட்டிருந்த பாலிசிகளைப் பற்றிய வழக்கு அது. அந்த வாசகம் இல்லாதவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் பயனில்லை.

பொறுப்பும் மருந்து லேபிளும்

பணியாளர் விபத்துக்கான காப்பீடு பல நாடுகளில் சட்டப்படி கட்டாயம், 1884இல் ஜெர்மனி முதலில் கொண்டுவந்த வழி அது. வண்டிக்கும் அப்படித்தான். இவை இரண்டும் முன்பே சரியாக இருந்தன, அதனால் அதிகம் பேசவில்லை. நம் தொழிலால் வெளியாருக்கு வரும் சேதத்துக்கு ஈடு தரும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டை ஒரு பெரிய வாடிக்கையாளர் தன் ஒப்பந்தத்திலேயே கேட்டிருந்தார், எடுத்தோம்.

மருந்து லேபிளில்தான் நேரம் போனது. அளவு 5 என்று இருக்க வேண்டிய இடத்தில் 50 என்று அச்சாகிவிட்டால் என்ன ஆகும்? ஒருவருக்கு உடல்நலக் கேடு வந்தால் அது பொருள் பொறுப்புக் காப்பீட்டுக்குள், அதாவது நாம் செய்து கொடுத்த பொருளால் பிறருக்கு வரும் கேட்டுக்கு ஈடு தரும் காப்பீட்டுக்குள், வரக்கூடும். ஆனால் விற்பனைக்கு முன்பே கண்டுபிடித்து, மருந்து நிறுவனம் எல்லாப் பெட்டிகளையும் திரும்ப எடுத்து, லேபிளை மறுபடி அச்சடிக்கச் சொன்னால், அது வெறும் பண இழப்பு; சாதாரணப் பொருள் பொறுப்பில் வராது. நம் வேலையை நாமே மறுபடி செய்யும் செலவும் பொதுவாக இந்தப் பொறுப்புக் காப்பீடுகளில் வராது. தொழில்முறைப் பிழைக்கான காப்பீடு கேட்டோம், விலை அதிகம். கடைசியில் அக்கா எடுத்த முடிவு காப்பீட்டுக்கு வெளியே இருந்தது: மருந்து லேபிளுக்கு வாடிக்கையாளர் கையெழுத்திட்ட புரூஃப் இல்லாமல் பிளேட் போடுவதில்லை; ஒப்பந்தத்தில் அச்சகத்தின் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு. பாலிசி வாங்க உட்கார்ந்ததால்தான் அந்த விஷயம் பேச்சுக்கே வந்தது.

படிவம்

பழைய முன்மொழிவுப் படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தோம். எரியக்கூடிய திரவம் வைத்திருக்கிறீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்று யாரோ டிக் செய்திருந்தார்கள். கீழே அக்காவின் கையெழுத்து. ஐந்து ஆண்டுகள் அப்படியே ஓடியிருக்கிறது. அன்று வந்தது தண்ணீர். தீயாக இருந்திருந்தால் அந்த 11கூட வந்திருக்காது என்று நினைக்கும்போது இப்போதும் வயிறு கலங்குகிறது.

தெரிந்ததைச் சொல்லும் கடமைக்கு அடிப்படையாக இன்றும் சொல்லப்படுவது 1766இல் இங்கிலாந்தில் மேன்ஸ்ஃபீல்டு பிரபு சொன்ன தீர்ப்பு. சுமத்ராவில் இருந்த ஒரு கோட்டையைப் பகைவர் பிடித்துவிட்டால் ஈடு தரவேண்டும் என்று எடுத்த காப்பீடு அது. கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது. காப்பீடு எடுத்தவர் கோட்டையின் பலவீனத்தை மறைத்தார் என்று காப்பாளர், அதாவது காப்பீடு கொடுத்தவர், வாதாடினார். இரு தரப்புக்கும் நல்லெண்ணக் கடமை உண்டு என்று விதியை வகுத்த அந்தத் தீர்ப்பில் வென்றது காப்பீடு எடுத்தவர். காப்பாளர் தானே அறிந்திருக்க வேண்டியதை அவர் சொல்லவில்லை என்று குறை கூற முடியாது என்றது நீதிமன்றம். பயந்து எல்லாவற்றையும் கொட்டத் தேவையில்லை, கேட்டதற்கு உண்மையும் முக்கியமானதைத் தானாகவும் சொன்னால் சட்டம் நம் பக்கம் நிற்கும் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். நாட்டுக்கு நாடு விதி இப்போது மாறியிருக்கிறது. ஆனால் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடலாம் என்று எந்த நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை. இம்முறை படிவத்தை ஏஜென்சியில் நிரப்பினார்கள். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தபின் அக்கா கையெழுத்திட்டார்.

மூன்று விலைகள்

பழைய பிரீமியத்தை 1 என்று வைத்தால், பழைய பாலிசியின் தொகையை மட்டும் ஏற்றினால் 1.7. முதல் ஏஜென்சி சொன்னது 2.1. இரண்டாவது ஏஜென்சி மூன்று நிறுவனங்களிடம் கேட்டுக் கொண்டுவந்ததில் எங்களுக்குப் பொருந்தியது 3.9. அக்கா அந்தக் காகிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் மறுபடி உட்கார்ந்தோம். எக்ஸஸை மும்மடங்காக்கினோம். ஒரு கண்ணாடி உடைவது, ஒரு கட்டு பேப்பர் நனைவது இதெல்லாம் தொழில் தாங்கும், தாங்காததற்குத்தான் பாலிசி. கையிருப்புப் பணத்துக்கான பாதுகாப்பை விட்டோம், பெரும்பாலும் வங்கி வழியே வரவு என்பதால். சைபர் காப்பீட்டையும் இந்த ஆண்டு விட்டோம். வாடிக்கையாளர் கோப்புகளை வலையோடு இணையாத ஒரு வட்டில் வாரம் இரண்டு முறை நகல் எடுப்பது என்று தொடங்கினோம். 3.2இல் வந்து நின்றது.

இன்னும் கொஞ்சம் குறைக்க ஒரு வழி இருந்தது. இரவுக் காவலர் எப்போதும் இருப்பார் என்று நிபந்தனை ஏற்றால் தள்ளுபடி. அக்கா மறுத்தார். “ஒரு நாள் அவர் வரலைன்னா? அன்னைக்குத்தானே ஆகும்” என்றார். ஏஜென்சிக்காரர் வற்புறுத்தவில்லை. நம்மால் தினமும் காப்பாற்ற முடியாத வாக்கைத் தள்ளுபடிக்காகக் கொடுப்பது, இருக்கும் பாலிசியையும் சேர்த்துப் பணயம் வைப்பது.

எதையெல்லாம் எடுக்கவில்லை, ஏன் எடுக்கவில்லை என்று ஏஜென்சிக்காரர் ஒரு பக்கக் கடிதம் தயாரித்து அக்காவிடம் கையெழுத்து வாங்கினார். தன்னைக் காத்துக்கொள்ள வாங்குகிறார் என்று முதலில் எனக்கு மனக்குறை. ஆண்டு முடிவில் புதுப்பிக்க உட்கார்ந்தபோது எங்களிடம் இருந்த மிகப் பயனுள்ள காகிதம் அதுவாகத்தான் இருந்தது. போன வருடம் என்ன யோசித்தோம் என்று தேடவே இல்லை.

அதன் பிறகு

முதல் ஆண்டில் ஒரே ஒரு க்ளெய்ம். டிஜிட்டல் மெஷினின் மின்பகுதி ஒன்று எரிந்தது. தகவல் சொன்ன மறுநாள் ஏஜென்சியில் க்ளெய்ம் காகிதங்களைப் பார்க்கும் அந்தப் பெண் வந்து, உடைந்த பாகத்தைத் தூக்கிப்போடாதீர்கள், சர்வேயர் பார்க்கும்வரை வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மெக்கானிக் அதை எடுத்துப்போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். எக்ஸஸ் போக மிச்சம் ஐந்து வாரத்தில் வந்தது. எழுதிக் கேட்க வேண்டியிருந்தது, இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது. அதையெல்லாம் ஏஜென்சியே செய்தது.

குறையும் உண்டு. ஆண்டு நடுவில் ஒரு பைண்டிங் மெஷின் வாங்கினார்கள். பாலிசியில் சேர்க்கச் சொல்ல இரண்டு மாதம் மறந்துவிட்டோம். அந்த இரண்டு மாதமும் அது காப்பீடு இல்லாமல் ஓடியது. இப்போது எந்த மெஷினின் பில் என்னிடம் வந்தாலும், கணக்கில் பதிவு செய்வதற்கு முன் ஏஜென்சிக்கு ஒரு செய்தி அனுப்புகிறேன்.

வாசலுக்கு உள்ளே வலப்பக்கம் ஒரு ஆணியில் நீள நோட்டு ஒன்று தொங்குகிறது. வாடிக்கையாளர் பேப்பர் எது வந்தாலும் தேதி, ரீம் எண்ணிக்கை, மதிப்பு, இறக்கியவர் கையெழுத்து. போன வாரம் நான் போயிருந்தபோது லோடு இறக்க வந்தவர் அவசரமாகக் கிளம்பினார். மெஷினில் இருந்த பையன் ஓடிவந்து, “அண்ணே, நோட்டுல எழுதாம போனா அக்கா திட்டுவாங்க” என்று அவரை நிறுத்தி, பேனாவைக் கையில் கொடுத்தான்.